குமிழி அசையாத இடம்

கொத்தனாருக்குக் காலில் மாவுக்கட்டு போட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மாடி வீட்டின் மூன்று அறைகளையும் அவர் அளந்து முடித்துவிட்டார். சாரத்தின் இரண்டாம் தட்டிலிருந்து வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போயிருந்தது. ஆறு வாரம் பாதம் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். பாதம்தானே படக்கூடாது, ஊன்றுகட்டை படலாமே என்று வீட்டுக்கு வந்ததும் அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக டொக்கு டொக்கென்று நடந்துகொண்டே இருந்தார். நடுநடுவே, யாரும் பார்க்காத நேரத்தில், கட்டுப்போட்ட காலையும் மெல்ல ஊன்றிப் பார்த்துக்கொள்வார்.

முன்னறையில் அவர் மனைவி பள்ளிக்கூடத்துச் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பம்பரம்கூட சுத்தி முடிச்சா ஒரு பக்கம் சாயும். நீங்க எப்ப சாயப் போறீங்க?"

"உக்காந்தா முதுகுல யாரோ ஊசி வைக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப படுங்க."

"படுத்தா மேல பூச்சு தெரியுது. எவன் பூசினானோ, மேடும் பள்ளமுமா இருக்கு. அதப் பாத்துக்கிட்டு எப்படிப் படுக்கறது?"

"கண்ண மூடிக்கிட்டு" என்றாள் அவள், தையலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அன்று சாயங்காலம் மழை பெய்தது. வெயில் காய்ந்து காய்ந்து கடைசியில் ஒரு பாட்டம் கொட்டிவிட்டு ஓய்ந்த மழை. ஜன்னலோரம் நின்று தெருவை மேய்ந்துகொண்டிருந்த கொத்தனாரின் கைக்குப் பக்கத்தில், ஜன்னல் கட்டைமேல் பொத்தென்று ஒன்று விழுந்தது. இறக்கை வைத்த கட்டெறும்பு. சாதாரண எறும்பைப்போல மூன்று மடங்கு நீளம், வயிறு உருண்டு பளபளவென்று இருந்தது. அது பின்னங்காலால் தன் இறக்கையை முன்னால் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டது. வெங்காயச் சருகு மாதிரி நாலு இறக்கையும் கட்டைமேல் கிடந்தன. பிறகு அது ஓட்டமும் நடையுமாக ஜன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவே இருந்த விரிசலைத் தேடிப் போய், நுழையப் பார்த்து, முடியாமல் திரும்பி, மறுபடி நுழையப் பார்த்தது. நாலு தடவை இப்படி.

'உனக்கும் இருப்புக் கொள்ளவில்லையா' என்று நினைத்த கொத்தனார், பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை அதன்மேல் கவிழ்த்தார்.

மறுநாள் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. ரத்தம் பரிசோதிக்கிற கூடத்தில் கண்ணாடி கழுவுகிற வேலை அவனுக்கு. டம்ளரைக் குனிந்து பார்த்துவிட்டு, போனை எடுத்து என்னவோ தேடிப் பார்த்தான்.

"மச்சான், இது ராணி எறும்பு. வீட்டுல வளக்கறாங்களாம், கூட்டத்தோட. ஒரு ஆளு வீடியோவே போட்டிருக்கான்."

"எறும்ப எதுக்குடா வளக்கணும்? வளக்காமலே சக்கரை டப்பா நிறைய இருக்கே" என்றாள் அவன் அக்கா உள்ளேயிருந்து.

ஆனால் கொத்தனார் போனை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் மச்சான் சுத்தமாகக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்த கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தான். அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இறுக்கமாக ஒரு பஞ்சு உருண்டை, அது எப்போதும் ஈரமாக இருக்கும். மிச்சமிருக்கிற இடம்தான் ராணிக்கு அறை. வாயில் இன்னொரு பஞ்சு அடைப்பு, காற்றுக்கு.

"சாப்பாடு?"

"வேணாமாம். பறக்கறதுக்கு வச்சிருந்த சதையக் கரைச்சே முட்ட வைக்குமாம். அந்த முட்டையிலருந்து முதல் வேலைக்காரங்க வெளிய வர்ற வரைக்கும் பட்டினிதான்."

"அப்ப என்னதான் வேணும் அதுக்கு?"

"இருட்டு. அப்புறம் ஆட்டம் இருக்கக் கூடாது. பயந்துட்டா தன் முட்டையத் தானே தின்னுடும். வாரத்துக்கு ஒரு தடவதான் பாக்கணும், மச்சான்."

"வாரத்துக்கு ஒரு தடவையா?" என்றார் கொத்தனார். அபராதம் கேட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

இருட்டான இடம் எது என்று அரைநாள் யோசித்தார். தையல் மிஷின் மேஜையின் இடதுபக்க டிராயர் இறுகிப்போனது, அதை யாரும் திறப்பதில்லை. பழைய பொத்தான்கள் கிடந்த அந்த டிராயரில் துணி விரித்துக் குழாயைப் படுக்க வைத்தார்.

"ஊர்ல ஆம்பளைங்க சின்ன வீட்ட அடுத்த தெருவுல வைப்பாங்க. என் வீட்டுக்காரர் என் மிஷின்லயே வச்சிட்டார்" என்றாள் மனைவி. ஆனால் இடத்தைக் கொடுத்தாள். மனுஷன் ஒரு இடத்தில் உட்கார்ந்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று அவளுக்கு.

குழாயை வைத்த மூன்றாம் நாள் ஐந்து முட்டை. ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. வாரத்துக்கு ஒரு தடவை என்பதைக் கொத்தனார் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒரு தடவை, வாசலுக்குப் போனால் ஒரு தடவை. எட்டாம் நாள் டிராயரை இழுத்தவர் அப்படியே நின்றார். ராணி மட்டும் இருந்தது. மனைவியின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டித் தேடினார். முட்டை ஒன்றுகூட இல்லை.

"மிஷின ஓட்டு" என்றார்.

"எதுக்கு?"

"ஓட்டேன்."

அவள் மிதித்தாள். டிராயருக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி கை அதிர்ந்தது. காயாத பூச்சுக்குப் பக்கத்தில் எவனாவது சுத்தியலை எடுத்தால் மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிறவர் அவர். இருபது வருஷமாக அதைக் கத்தியவருக்கு, இதைத் தையல் மிஷினுக்குள் வைக்கும்போது புத்தி எங்கே போயிற்று என்று அவருக்கே விளங்கவில்லை. இருட்டு இருட்டு என்று இருட்டைத் தேடியதில் ஆட்டத்தை மறந்துவிட்டார்.

குழாயைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில், உள்ளறைச் சுவரிலிருந்த பலகைத் தட்டுக்கு மாற்றினார். சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிவிட்டார், எறும்புக்குச் சிவப்பு தெரியாது என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். ஒரு வாரத்தில் ஏழு முட்டை வந்தது.

ஒரு மாதம் முடிந்து எக்ஸ்ரே படம் எடுக்கப் போனார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நடந்தீங்களா?"

"இல்லையே."

மனைவி அறையின் கூரையைப் பார்த்தாள்.

"எலும்பு சேரவே இல்ல. கொஞ்சம் நகர்ந்தும் இருக்கு. புதுசா கட்டுப் போடறேன், இன்னும் ஆறு வாரம். அப்பவும் சேரலேன்னா வெட்டி பிளேட் வைக்கணும். வச்சா சாரத்துல ஏறுற வேலைய மறந்துடணும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் கொத்தனார் தெருவிலிருந்த சாரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். சாரத்தில் ஏறாத கொத்தனார் என்றால் என்ன, கைபிடி இல்லாத பூச்சுக் கரணை. வந்ததும் வராததுமாகச் சிவப்புக் காகிதத்தை விலக்கினார். ஏழு முட்டையும் போயிருந்தன.

"உன் மிஷின்தான்" என்றார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் அதன்மேல் போய் விழுந்தது. "விடிஞ்சதுலருந்து கடகடன்னு. வீடே ஆடுது. அதுக்குப் பிள்ள எப்படித் தங்கும்?"

"மிஷின் நின்னா அடுப்பும் நிக்கும். பரவால்லையா?"

"ஆடுதுன்னு காட்டறேன் இரு."

தன் வேலைப்பையை இழுத்து ரசமட்டத்தை எடுத்தார். மஞ்சள் நிறத்தில், முனை தேய்ந்த ரசமட்டம். தட்டின்மேல் குழாய்க்குப் பக்கத்தில் அதை வைத்தார். கண்ணாடிக்குள் பச்சைத் தண்ணீரில் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நின்றது.

"இப்பப் போய் ஓட்டு. நான் குமிழியப் பாக்கறேன்."

அவள் போய் மிதித்தாள். வேகமாக மிதித்தாள், கோபத்தில் இன்னும் வேகமாக. கட்டிலில் உட்கார்ந்தபடி கொத்தனார் குமிழியையே பார்த்தார். அது அசையவில்லை. அவருக்குக் காரணம் உடனே புரிந்தது. மிஷின் முன்னறையில், தளத்தைத் தாங்குகிற பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி நிற்கிறது. அதிர்ச்சி சுவருக்குள் இறங்கிவிடும். ஆனால் புரிந்ததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வந்து நின்றாள்.

"இல்ல."

"இப்ப நீங்க நடங்க. நான் பாக்கறேன்."

"நான் நடந்தா என்ன?"

"நடங்களேன். அதுதானே உங்களுக்குக் கைவந்த வேல."

அவர் எழுந்து கட்டையை ஊன்றி ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். அவள் ரசமட்டத்தை விரலால் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே கட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். குமிழி துள்ளியது. இன்னொரு தட்டு, இன்னொரு துள்ளல். உள்ளறை இருப்பது தளத்தின் நடுப்பகுதியில், கீழே தாங்க எதுவும் இல்லை. மெல்லிய தளம் வேறு. வீட்டைக் கட்டியவன் கம்பியை மிச்சம் பிடித்திருக்கிறான்.

அவள் திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மச்சான் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குழாயைத் தூக்கிப் பார்த்தான். "வயிறு சின்னதாயிடுச்சு, மச்சான். ரெண்டு தடவ வச்சு ரெண்டு தடவ தின்னிருக்கு. இன்னும் ஒரு தடவைக்குத்தான் உடம்புல சத்து இருக்கும். அந்த முட்டையும் போச்சுன்னா ராணியும் போயிடும்."

அன்றிலிருந்து கொத்தனார் நடக்கவில்லை. ஊன்றுகோலை மிஷினுக்குப் பின்னால் வைத்துவிடச் சொன்னார். குளியலறைக்குப் போகவேண்டுமானால் காலிச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டி, கையால் உந்தி உந்தி வழுக்கிக்கொண்டு போவார். ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து சோதித்ததில், சாக்கு வழுக்கினால் குமிழிக்குத் தெரிவதில்லை என்று கண்டுகொண்டார்.

"பத்து மாசக் குழந்தைகூட இதவிட வேகமாப் போகும்" என்றாள் மனைவி. ஆனால் அவளும் உள்ளறைக்குள் வரும்போது குதிகால் படாமல் வர ஆரம்பித்தாள்.

உடம்புதான் உட்கார்ந்தது. மற்றதெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கட்டுக்குள் அரித்தது. கட்டைவிரல் தானாக ஆடியது. மனைவி மிஷினில் எத்தனை மிதிக்கு ஒரு சட்டைக் கை முடிக்கிறாள் என்று எண்ணினார், எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ணினார். கூரையின் மேடு பள்ளத்தை மனசுக்குள்ளேயே சுரண்டி, தண்ணீர் தெளித்து, புதுசாகப் பூசி முடித்தார். முடித்தபோது காலை பத்தரை மணிதான் ஆகியிருந்தது.

கடைசியில் கை பொறுக்கவில்லை. வேலைப்பையின் அடியில் அரைப்பை ஜிப்சம் மாவு இருந்தது. ஒரு தட்டை மடியில் வைத்துக் கரைத்து, ரொட்டி டப்பா ஒன்றில் ஊற்றி வார்த்து, மனைவியின் கோணி ஊசியால் அறைகளைக் குடைய ஆரம்பித்தார். எறும்புக்கு வீடு. குழாயை விட்டு வெளியே வந்தால் இருக்க இடம் வேண்டாமா. கூடம், நடை, ஐந்து படுக்கையறை, குப்பைக்கு ஒரு மூலை, ஈரத்துக்குப் பஞ்சு வைக்க ஒரு குழி. மேலே மூடக் கண்ணாடி. சுவர் ஒவ்வொன்றும் மூலைமட்டம் வைத்த மாதிரி செங்கோணத்தில் நின்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நமக்கு வாடக வீடு. அதுக்கு அஞ்சு ரூம்ல சொந்த வீடு."

"கெரகப்பிரவேசத்துக்கு உன்னையும் கூப்பிடறேன்."

மச்சான்தான் அந்த ஆசையில் தண்ணீர் ஊற்றினான். "இது ஆயிரம் பேருக்கு வீடு, மச்சான். முதல்ல நாலஞ்சுதான் வரும். பெரிய இடத்துல விட்டா மூலைக்கு மூல குப்பையப் போட்டுப் பூஞ்சை பிடிச்சுச் செத்துடும். ஒரு ரூம் போதும், சின்னதா. அதுவும் இப்ப வேணாம், குழாயிலயே பல மாசம் இருக்கலாம்."

கொத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுபடி கரைத்தார். தீப்பெட்டி அளவில் ஒரே ஒரு அறை, வாசலில் குழாய் வந்து பொருந்துகிற மாதிரி. இவ்வளவு சின்ன வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. ஏழாவதுதான் சரியாக வந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தினார்.

முட்டை மறுபடி வந்திருந்தது. இந்தத் தடவை வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்த்தார், அதுவும் மனைவி கூட இருக்கும்போது, எண்ணி முடித்ததும் அவளே காகிதத்தை மூடிவிடுவாள். முட்டை புழுவானது. புழு நூல் சுற்றிக் கூடானது. பழுப்பு நிறத்தில், சீரகத்தைக் கொஞ்சம் ஊதிவிட்ட மாதிரி நாலு கூடு. ராணி அவற்றின்மேல் கால் பரப்பி அசையாமல் கிடந்தது. 'எப்படித்தான் முடிகிறதோ' என்று கொத்தனாருக்குப் பொறாமையாக இருந்தது.

ஐந்தாம் வாரத்தில் மேஸ்திரி வந்தார். படியில் ஏறும்போதே தெரிந்துவிட்டது, கனத்த மனுஷர், கனத்த பூட்ஸ். தட்டின்மேல் குமிழி துள்ளத் தொடங்கியது.

"பூட்ஸ வெளிய விடுங்க மேஸ்திரி. மெதுவா வாங்க."

"என்னப்பா, யாராவது தூங்கறாங்களா?" என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்தார். "சைட்டுக்கு ஒரு மணி நேரம் வந்துட்டுப் போ. கூடத்துல எட்டு உருண்டத் தூணு. நானும் மூணு பேர வச்சுப் பாத்துட்டேன், உருண்டையா வரச் சொன்னா பூசணிக்காய் பூசி வச்சிருக்கானுங்க. நீ வேல செய்ய வேணாம். நாற்காலி போட்டு உக்காத்தி வைக்கிறேன், வாயால சொல்லு. கீழ வண்டி நிக்குது."

முன்னறையில் மிஷின் நின்றது. மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கொத்தனாருக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கண் முன்னால் ஒருத்தன் தூணைப் பூசணிக்காய் ஆக்கினால் அவர் கரணையைப் பிடுங்கிவிடுவார். அதை நினைக்கும்போதே கை துறுதுறுத்தது. உருண்டைத் தூணின் வளைவு உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"ஒரு மணி நேரம்தானே" என்றார்.

"சத்தியமா."

மேஸ்திரியின் தோளைப் பிடித்து எழுந்தார். ஐந்து வாரம் கழித்து எழுந்து நிற்கிற சுகம் தலைக்கு ஏறியது. நல்ல காலால் ஒரு தாவு. இன்னொரு தாவு. மேஸ்திரியும் கூடவே தடதடவென்று. வாசலருகே போனவர் பழக்கத்தில் திரும்பித் தட்டைப் பார்த்தார். குமிழி இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாகப் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இருங்க" என்று கை நீட்டிச் சிவப்புக் காகிதத்தைத் தூக்கினார்.

ராணி ஒரு கூட்டை வாயில் கவ்வியிருந்தது. குழாயின் இந்த முனைக்கு ஓடியது, பஞ்சில் முட்டியது, திரும்பி அந்த முனைக்கு ஓடியது. வைக்க இடம் தெரியாமல் ஓடியது. முதல் நாள் ஜன்னல் விரிசலில் நுழையப் பார்த்தது மாதிரியே.

கொத்தனார் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தார்.

"என்னப்பா, தல சுத்துதா?"

"நான் வரல, மேஸ்திரி. நீங்க போங்க. மெதுவா எறங்கிப் போங்க."

"அட, இவ்வளவு தூரம் எழுந்துட்டு?"

"எழுந்ததுதான் தப்பு. அது முட்டையத் தின்னுடும்."

"எது?"

"எறும்பு."

மேஸ்திரி அவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வாசலில் வந்து நின்ற அவர் மனைவியைப் பார்த்தார்.

"அடி கால்லதானே பட்டுச்சு?" என்று அவளிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"கால்லதான். நீங்க பாத்து எறங்குங்க, மேஸ்திரி" என்றாள் அவள்.

பூட்ஸ் சத்தம் படியிறங்கி மறைந்தது. குமிழி நடுவில் வந்து நின்றது. உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கவும் முடியாது, பார்த்தால் இன்னும் பயப்படும். கொத்தனார் தரையிலேயே உட்கார்ந்து நகத்தைக் கடித்தார். மூன்று நாள் கழித்து மனைவிதான் பார்த்தாள். மூன்று கூடு இருந்தது. நாலாவதைக் காணோம், அவள் காகிதத்தை மூடிவிட்டாள்.

ஆறாம் வாரம் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சட்டை கொடுக்கவேண்டிய நாளும் அன்றைக்கே வந்து தொலைத்ததால் மனைவி வீட்டில் இருந்துவிட்டாள். மச்சான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனான். படத்துக்குக் காத்திருந்த நேரமெல்லாம் கொத்தனாரின் நல்ல கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெஞ்சு மொத்தமும் ஆடியதில் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். டாக்டர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. "சேர்ந்துடுச்சு" என்று சொல்லி மாவுக்கட்டை வெட்டச் சொன்னார். வெட்டியபோது கால் வெளிறி, குச்சியாக, யாரோ ஒருவருடைய காலைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

படியேறும்போதே கொத்தனார் காது கொடுத்துக் கேட்டார். மிஷின் ஓடவில்லை. கெடு வைத்த நாளில் அது ஓடாமல் இருக்காது.

கதவைத் தள்ளினார். மிஷினில் பாதித் தைத்த சட்டை தொங்கியது. மனைவி உள்ளறையில், தட்டுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து நின்றாள். திரும்பாமலே கையை நீட்டினாள்.

"நில்லுங்க. அங்கயே நில்லுங்க."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணு வெளிய வந்துடுச்சு. இன்னொண்ண ஆத்தாக்காரி கூட்டக் கடிச்சு உருவிக்கிட்டிருக்கா. டொக்கு டொக்குன்னு நடந்து வந்தீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"எலும்பு சேந்துடுச்சாம்."

"சந்தோஷம். அங்கயே நில்லுங்க."

கொத்தனார் வாசற்படியில் நின்றார். தட்டு எட்டு அடி தூரத்தில் இருந்தது. புதுக்கால் கூசியது, ஒரே எட்டில் போய்விடலாம் என்று உந்தியது. ரசமட்டத்தில் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே அச்சடித்த மாதிரி நின்றது. அவர் சுற்றும்முற்றும் பார்த்து, சுவரோரம் மடித்துக் கிடந்த சாக்கைக் கையால் இழுத்தார்.

"மச்சான், நடக்கலாம்னு சொல்லிட்டாங்களே" என்றான் பின்னால் நின்ற மச்சான்.

"தெரியும். நீ பேசாம இரு. ஆடாம இரு."

சாக்கில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையால் உந்தி உந்தி வழுக்கிக்கொண்டு போனார். தட்டுக்குக் கீழே போய் நிமிர்ந்தார். மனைவி கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டிவிட்டுக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

கறுப்புக்கூட ஏறாத, தேன் நிறத்தில் ஒரு துளி எறும்பு. தண்ணீர்ப் பஞ்சுக்கு ஓடியது, அடைப்புப் பஞ்சுக்கு ஓடியது, அம்மாவின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் வந்து மறுபடி ஓடியது.

"பொறந்து ஒரு மணி நேரம் ஆகல" என்றாள் மனைவி மெல்ல. "ஒரு இடத்துல நிக்குதா பாருங்க."

கொத்தனாரின் இடது கை தீப்பெட்டி வீட்டைத் தேடி இப்போதே கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தது.